கைபடாமல் ஹோஸ்ட் நிறுவுவது எப்படி: ஃபர்ம்வேரில் தொடங்கி முதல் பூட் வரை, ப்ராக்ஸ்மாக்ஸ் சர்வர்களுக்கான முழு வழிகாட்டி

மூன்று சர்வர்கள். ஒரே மாடல், ஒரே ஆர்டர், ஒரே வண்டியில் வந்து இறங்கியவை. மூன்றிலும் ஆட்டோ இன்ஸ்டாலை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் இரண்டில் லாகின் திரை. மூன்றாவதில் கறுப்புத் திரையும் மினுக்கும் ஒரு கோடும். நிறுவிக்கு விடைகள் எழுதிக் கொடுத்த பதில் கோப்பில் தவறா, சுவிட்சில் தவறா, கேபிளில் தவறா என்று அரை நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், அந்த ஒரு சர்வர் மட்டும் பழைய பயாஸ் முறையில் பூட் ஆகிக்கொண்டிருந்தது. யாரோ எதையோ சோதித்துவிட்டு மாற்றி வைக்காமல் போயிருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் நான் முதலில் பார்த்திருக்க வேண்டிய இடம் அது.

ஆட்டோ இன்ஸ்டால் பத்து நிமிட வேலைதான். அந்தப் பத்து நிமிடம் ஒழுங்காகப் போக வேண்டுமானால் அதற்கு முன் ஃபர்ம்வேரோடு, அதாவது வன்பொருளுக்குள்ளேயே இருக்கும் மென்பொருளோடு, ஒரு நாள் உட்கார வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் நிறுவலுக்கு முந்தைய வேலைதான்.

எடுத்துக்கொண்டிருப்பது ப்ராக்ஸ்மாக்ஸ் விஇ. டெபியன் லினக்ஸ் மேல் கட்டிய, அதன் கேவிஎம் வசதி வழியே விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் தளம். 2024 ஏப்ரலில் வந்த 8.2 பதிப்பிலிருந்து இதன் நிறுவியிலேயே ஆட்டோ இன்ஸ்டால் வசதி இருக்கிறது. இலக்கு: மூன்று ஹோஸ்ட் (மெஷின்களைத் தாங்கும் சர்வர்), யூஇஎஃப்ஐ (பழைய பயாஸுக்கு அடுத்து வந்த முறை) பூட், இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை வைக்கும் இசட்எஃப்எஸ் கோப்பு முறையின் மிரர். கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே ஒலிப்படி எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

1. முதலில் கணக்கெடுங்கள்

சர்வரை ரேக்கில் ஏற்றும் முன்பே ஒரு விரிதாளைத் திறங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வரி: சீரியல் எண், பிஎம்சி-யின் (சர்வரைத் தூரத்திலிருந்து ஆள உதவும் குட்டிக் கணினி, 2-ஆம் படியில் வரும்) மேக் முகவரி (நெட்வொர்க் போர்ட்டின் வன்பொருள் எண்), நிறுவலுக்குப் பயன்படுத்தப்போகும் நெட்வொர்க் போர்ட்டின் மேக் முகவரி, பூட் டிஸ்க் இரண்டின் சீரியல் எண், பயாஸ் பதிப்பு, பிஎம்சி பதிப்பு, நெட்வொர்க் கார்டு பதிப்பு, டிஸ்க்குகளை இணைக்கும் ஹெச்பிஏ கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பது. கடைசி விவரம் எதற்கு என்று பிறகு தெரியும்.

பெரும்பாலான சர்வர்களில் பிஎம்சி-யின் மேக் முகவரியும் தொடக்கக் கடவுச்சொல்லும் இழுத்துப் பார்க்கும் ஒரு சிறு அட்டையில் அச்சாகியிருக்கும். ரேக்கில் ஏற்றிய பிறகு அதை எட்டிப் பார்ப்பதற்குள் கழுத்து வலித்துவிடும். முன்னதாகவே போட்டோ எடுத்து வையுங்கள்.

2. பிஎம்சி-யைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள்

சர்வர் அணைந்திருந்தாலும் மின்சாரம் இருந்தால் தனியே ஓடும் குட்டிக் கணினிதான் பிஎம்சி. டெல் அதை ஐடிராக் என்கிறது, ஹெச்பிஇ ஐஎல்ஓ என்கிறது, லெனோவோ எக்ஸ்கிளாரிட்டி கன்ட்ரோலர் என்கிறது. பெயர் வேறு, வேலை ஒன்று: பவரை ஏற்றி இறக்குவது, திரையைத் தூரத்திலிருந்து காட்டுவது, ஒரு ஐஎஸ்ஓ கோப்பை சிடி போல மாட்டுவது.

இதற்குத் தனி விஎல்ஏஎன் (சுவிட்சில் பிரித்துவைக்கும் தனி நெட்வொர்க்) கொடுங்கள். இணையத்திலிருந்து நேரடியாக எட்டும்படி ஒருபோதும் வைக்காதீர்கள். 1998-இல் வந்த, பிஎம்சி-யோடு பேசும் ஐபிஎம்ஐ நெறிமுறை இன்றும் பல சர்வர்களில் யுடிபி 623-ஆம் போர்ட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறது. அதன் 2.0 பதிப்பின் அங்கீகார முறையிலேயே ஒரு ஓட்டை உண்டு. பயனர் பெயர் தெரிந்தால் போதும், கடவுச்சொல்லின் ஹேஷை (அதிலிருந்து கணக்கிட்ட குறியீட்டை) பிஎம்சி-யே கேட்பவருக்குக் கொடுத்துவிடும். அதை வீட்டில் வைத்து உடைத்துக்கொள்ளலாம். வடிவமைப்பிலேயே உள்ள குறை என்பதால் இதைப் பேட்ச் போட்டு அடைக்க முடியாது. எனவே ஐபிஎம்ஐ-யை அணைத்துவிட்டு, 2015-இல் டிஎம்டிஎஃப் அமைப்பு வெளியிட்ட, அதே வேலைக்கான ரெட்ஃபிஷை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அது ஹெச்டிடிபிஎஸ் மேல் ஜேசன் என்ற உரை வடிவில் பேசுவது; வலை முகவரிகளை அழைக்கும் ஒரு கர்ல் கட்டளையே போதும்.

அப்புறம் கடிகாரம். பிஎம்சி-க்கும் சர்வருக்கும் என்டிபி (நேரம் சொல்லும் சர்வர்) முகவரி கொடுத்து நேரத்தை யுடிசி-யில் (உலகப் பொது நேரம்) சரிசெய்யுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். கிடங்கில் பல மாதம் கிடந்த சர்வரின் கடிகாரம் பின்தங்கியிருந்தால், நிறுவி உங்கள் ஹெச்டிடிபிஎஸ் சர்வரைத் தொடும்போது சான்றிதழ் இன்னும் அமலுக்கே வரவில்லை என்று சொல்லி நின்றுவிடும். அந்தப் பிழைச் செய்தியில் கடிகாரம் என்ற சொல்லே இருக்காது.

3. ஃபர்ம்வேரை ஒரே மட்டத்துக்கு ஏற்றுங்கள்

ஒரே ஆர்டரில் வந்த சர்வர்களிலும் ஃபர்ம்வேர் பதிப்பு ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். நான் கடைப்பிடிக்கும் வரிசை இது: முதலில் பிஎம்சி, அடுத்து பயாஸ், பிறகு நெட்வொர்க் கார்டும் ஹெச்பிஏ-வும், கடைசியில் டிஸ்க். பிஎம்சி முதலில் வருவதற்குக் காரணம், மற்றவற்றை ஏற்றுவதே அதுதான். பழைய பிஎம்சி புதிய பயாஸ் தொகுப்பைப் புரிந்துகொள்ளாமல் தள்ளிவிடுவதுண்டு. ரெட்ஃபிஷில் அப்டேட் சர்வீஸ் என்ற கிளையில் சிம்பிள் அப்டேட் என்ற செயல் இருக்கிறது. தொகுப்பின் முகவரியைக் கொடுத்தால் அதுவே இறக்கிக்கொள்ளும்.

டிஸ்க்தானே என்று கடைசிப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு ஒரு கதை. 2019 நவம்பரில் ஹெச்பிஇ ஓர் அறிவிப்பு வெளியிட்டது. சில எஸ்ஏஎஸ் எஸ்எஸ்டி-கள் மொத்தம் 32,768 மணி நேரம் ஓடியதும், அதாவது 3 ஆண்டு 270 நாள் 8 மணி நேரத்தில், ஒரேயடியாகச் செத்துவிடும், தரவும் திரும்பாது, ஃபர்ம்வேரை ஏற்றினால் பிழைக்கும். 32,768 என்பது இரண்டின் 15-ஆம் அடுக்கு. கணக்குப் போடும் எண் நிரம்பி வழிந்துவிட்டது, அவ்வளவுதான். இதில் கொடுமை எங்கே என்றால், மிரரில் இருக்கும் இரண்டு டிஸ்க்கும் ஒரே நாளில் ஓடத் தொடங்கியவை. அதனால் இரண்டும் ஒரே மணி நேரத்தில் போகும்.

பதிப்புகள் ஒன்றாக இருக்க வேண்டியதற்கு விர்ச்சுவலைசேஷன் சார்ந்த காரணமும் உண்டு. பயாஸோடு வரும் மைக்ரோகோடு (சிபியு-வுக்குள் ஏறும் திருத்தம்) சில சமயம் சிபியு-வின் வசதியையே அணைத்துவிடும். இன்டெல் சில சிபியு-களில் டிஎஸ்எக்ஸ் வசதியை அப்படித்தான் அணைத்தது. மெஷினின் சிபியு வகையை ‘ஹோஸ்ட்’ என்று வைத்திருந்தால், பழைய மைக்ரோகோடு உள்ள ஹோஸ்ட்டில் கண்ட வசதி புதியதில் இருக்காது. லைவ் மைக்ரேஷனில், அதாவது ஓடும் மெஷினை வேறு ஹோஸ்ட்டுக்கு நகர்த்தும்போது, அந்த மெஷின் அங்கே போய் விழும். ப்ராக்ஸ்மாக்ஸ் 8-லிருந்து வலைத்திரையில் புதிய மெஷினுக்கு இயல்பாக வரும் எக்ஸ்86-64-வி2-ஏஇஎஸ் வகை இந்த வம்பிலிருந்து பெருமளவு காக்கும். இருந்தாலும் மூன்று ஹோஸ்ட்டும் ஒரே மைக்ரோகோடில் இருப்பதுதான் நிம்மதி.

4. பயாஸ் அமைப்புகள்: எதைத் தொட வேண்டும், எதை விட வேண்டும்

தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் பெயர்கள் மாறும். ஒரே பொருளைத்தான் எல்லோரும் வெவ்வேறு பெயரில் சொல்கிறார்கள்.

பூட் முறை: யூஇஎஃப்ஐ மட்டும். லெகசி அல்லது சிஎஸ்எம் என்ற பெயரில் எது இருந்தாலும் அணையுங்கள். ‘இரண்டும்’ என்ற தேர்வைத் தொடவே தொடாதீர்கள். என் மூன்றாவது சர்வர் அதில்தான் மாட்டியது.

விர்ச்சுவலைசேஷன்: இன்டெல் என்றால் விடி-எக்ஸ், விடி-டி, ஏஎம்டி என்றால் எஸ்விஎம், ஐஓஎம்எம்யு (கார்டுகளை மெஷினுக்கு நேரடியாகக் கொடுக்க உதவுவது). நான்கிலும் உங்களுக்குரிய இரண்டை இயக்குங்கள். இதோடு எஸ்ஆர்-ஐஓவி, 4ஜி-க்கு மேல் டிகோடிங் இரண்டையும் இப்போதே இயக்கி வைத்துவிடுங்கள். நாளை யாராவது ஜிபியு கார்டு கொண்டுவந்து நீட்டும்போது அதற்காக ரீபூட் நேரம் கேட்டு அலைய வேண்டியிருக்காது. இங்கே ஓர் எச்சரிக்கை: ப்ராக்ஸ்மாக்ஸின் 6.8 கர்னலிலிருந்து இன்டெல் ஐஓஎம்எம்யு (மேலே சொன்ன விடி-டி) இயல்பாகவே இயங்கும். பழைய சர்வர்கள் சிலவற்றில் இதனால் பூட் தடுமாறுவதுண்டு; ஃபர்ம்வேரைப் புதுப்பித்தும் சரியாகவில்லையென்றால் கர்னல் வரியில் (பூட்டின்போது கர்னலுக்குக் கொடுக்கும் அமைப்புகள்) அணைக்கலாம்.

பவர் புரொஃபைல்: ‘அதிகபட்ச செயல்திறன்’ அல்லது ‘ஓஎஸ் பார்த்துக்கொள்ளும்’. சேமிப்பு முறையில் விட்டால், சிபியு தூங்கி எழும் தாமதம், ஹோஸ்ட்டுகளை ஒன்றிணைக்கும் கோரோசிங்க் வரை உறைக்கும். நான் இரண்டாவதைத்தான் விரும்புவேன், மின்கட்டணமும் காசுதானே. மூன்று ஹோஸ்ட்டிலும் ஒன்றாக இருந்தால் சரி.

பிழை கண்டால் நிற்பது: ‘எஃப்1 அழுத்தினால் தொடரும்’ என்ற அமைப்பை அணையுங்கள். கீபோர்டு இல்லை என்பதற்காக, கீபோர்டில் ஒரு பட்டனை அழுத்தச் சொல்லி நிற்கும் சர்வரை நான் பார்த்திருக்கிறேன். ஆள் இல்லாத நிறுவலில் இது ஒன்று போதும் கெடுக்க.

மின்சாரம் திரும்பும்போது: ‘எப்போதும் இயங்கு’ என்று வைத்து, சர்வருக்குச் சர்வர் தாமதம் கொடுக்கும் வசதி இருந்தால் அதையும் இயக்குங்கள். மின்வெட்டுக்குப் பின் ஒரு ரேக் முழுதும் ஒரே நொடியில் எழுந்தால் யுபிஎஸ் தாங்காது.

டிஸ்க் கன்ட்ரோலர்: இசட்எஃப்எஸ் என்றால் டிஸ்க்குகளை அப்படியே காட்டும் ஹெச்பிஏ முறையில், ஐடி மோடில் இருக்க வேண்டும். ரெய்டு கார்டு தனியாக ஒரு மிரர் செய்து, அதன் மேல் இசட்எஃப்எஸ் இன்னொரு கணக்குப் போடுவதை ப்ராக்ஸ்மாக்ஸ் ஆவணமே வேண்டாம் என்கிறது.

நோடு இன்டர்லீவிங், ஹைப்பர் த்ரெடிங், நினைவக வேகம் போன்றவற்றைத் தயாரிப்பாளர் வைத்தபடியே விட்டுவிடுங்கள்.

இதையெல்லாம் ஒரு சர்வரில் மட்டும் கையால் செய்யுங்கள். பிறகு ஏற்றுமதி செய்யுங்கள். டெல்லில் சர்வர் கான்ஃபிகரேஷன் புரொஃபைல் என்ற ஒரு கோப்பாகவே இறக்கலாம். மற்றவற்றில் ரெட்ஃபிஷின் பயாஸ் கிளையைப் படித்தால் எல்லா அமைப்பும் ஜேசனாக வரும். அதில் உங்களுக்கு வேண்டிய பதினைந்து இருபது வரிகளை மட்டும் வெட்டி எடுத்து, அடுத்த சர்வரின் பயாஸ் கிளையில் உள்ள ‘செட்டிங்ஸ்’-க்கு, ஹெச்டிடிபி-யின் பேட்ச் என்ற கோரிக்கையாக அனுப்புங்கள். மாற்றம் அடுத்த ரீபூட்டில்தான் அமலுக்கு வரும். ரீபூட் ஆனதும் மறுபடி படித்து, மூன்று கோப்புகளையும் டிஃப் போட்டுப் பாருங்கள். வரி வித்தியாசம் இல்லாமல் வர வேண்டும். அந்தக் கோப்பு கிட் என்ற பதிப்புக் களஞ்சியத்தில் இருக்கட்டும்.

5. செக்யூர் பூட் பற்றி ஒரு முடிவு எடுங்கள்

2023 நவம்பரில் வந்த 8.1 பதிப்பிலிருந்து ப்ராக்ஸ்மாக்ஸ் செக்யூர் பூட்டோடு (கையெழுத்தான மென்பொருளை மட்டும் பூட் செய்ய விடும் வசதி) நேரடியாக இயங்கும். இயக்கி வைக்கத்தான் நான் சொல்வேன். ஆனால் நிறுவும் முன்பே முடிவெடுங்கள், ஏனென்றால் கர்னலை ஏற்றும் பூட்லோடர் இதைப் பொறுத்து மாறுகிறது. இசட்எஃப்எஸ் மேல் யூஇஎஃப்ஐ முறையில், செக்யூர் பூட் இல்லாமல் நிறுவினால் சிஸ்டம்டி-பூட் வரும். செக்யூர் பூட்டோடு நிறுவினால் கிரப் வரும். முதலாவதில் கர்னல் வரி இருப்பது ஈடிசி-யில் கர்னல் அடைவுக்குள் உள்ள சிஎம்டிலைன் கோப்பில். இரண்டாவதில் டிஃபால்ட் அடைவுக்குள் உள்ள கிரப் கோப்பில். தவறான கோப்பைத் திருத்திவிட்டு ஏன் எதுவும் மாறவில்லை என்று விழிப்பவர்கள் நிறைய பேர்.

இன்னொன்று. செக்யூர் பூட்டுக்கு அடிப்படையான, மைக்ரோசாஃப்ட் 2011-இல் உருவாக்கிய சான்றிதழ்களின் ஆயுள் 2026 ஜூனில் தொடங்கி முடிகிறது. ஏற்கெனவே கையெழுத்தான பூட்லோடர்கள் அன்றைக்கு நின்றுவிடாது. ஃபர்ம்வேர் பொதுவாகத் தேதியைப் பார்ப்பதில்லை. ஆனால் 2023 சான்றிதழால் மட்டும் கையெழுத்திட்ட புதிய ஷிம் (பூட்லோடருக்கு முன் ஓடும் சிறு நிரல்) வந்தால், அந்தச் சான்றிதழ் இல்லாத சர்வர் அதை ஏற்காது. 3-ஆம் படியில் பயாஸைப் புதுப்பிக்கும்போது, 2023 சான்றிதழ்கள் உள்ளே வந்துவிட்டனவா என்று ஃபர்ம்வேரின் சாவிப் பட்டியலில் பார்த்துவிடுங்கள்.

6. நிறுவியை எந்த வழியாக ஏற்றுவது

மூன்று வழிகள் இருக்கின்றன.

பிஎம்சி-யின் விர்ச்சுவல் மீடியா. ஐஎஸ்ஓ-வை ஒரு வலை சர்வரில் வைத்து, ரெட்ஃபிஷில் ‘இன்சர்ட் மீடியா’ என்று சொல்லி முகவரியைக் கொடுத்தால் சர்வருக்கு சிடி மாட்டியதுபோல் இருக்கும். ஏற்றுவதற்கு டிஎச்சிபி-யோ (ஐபி முகவரி கொடுப்பது) டிஎஃப்டிபி-யோ (பூட் கோப்புகள் அனுப்பும் எளிய நெறிமுறை) எதுவும் வேண்டாம். பத்துப் பதினைந்து சர்வர் வரை எனக்கு இதுதான் பிடித்த வழி. பல தயாரிப்பாளர்கள் இதைக் கட்டண உரிமத்துக்குள் வைத்திருக்கிறார்கள் என்பதால், சர்வர் வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிஎக்ஸ்இ, அதாவது நெட்வொர்க் வழி பூட். பழகிய வழி, ஆனால் கண்ணி அதிகம். டிஎச்சிபி சர்வர் 93-ஆம் ஆப்ஷனைப் பார்த்து எந்தக் கோப்பைக் கொடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும்: 0 வந்தால் பழைய பயாஸ், 7 வந்தால் 64 பிட் யூஇஎஃப்ஐ. ப்ராக்ஸ்மாக்ஸின் ஐஎஸ்ஓ ஒரு ஜிபி-க்கு மேல். அதை இனிட்ஆர்டி-க்குள் (கர்னலோடு நினைவகத்தில் ஏறும் கோப்பு) பொதித்துத்தான் இந்த வழியில் ஏற்ற வேண்டும். அதை டிஎஃப்டிபி-யில் அனுப்ப நினைக்காதீர்கள். அடிப்படை டிஎஃப்டிபி ஒரு பாக்கெட்டுக்கு 512 பைட் அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கும். பாக்கெட் எண்ணோ 16 பிட். 65,535 பாக்கெட்டில் ஏறக்குறைய 32 எம்பி-தான் வரும்; அதற்கு மேல் எண் சுழன்று தொடங்குவதை இரு பக்கமும் ஒப்புக்கொள்ள வேண்டும். அதனால் டிஎஃப்டிபி-யில் ஐபிஎக்ஸ்இ என்ற சிறிய பூட்லோடரை மட்டும் அனுப்பி, மீதியை அது ஹெச்டிடிபி-யில் இழுக்கும்படி செய்யுங்கள். செக்யூர் பூட் இயங்கினால் அந்த ஐபிஎக்ஸ்இ-யும் கையெழுத்தானதாக இருக்க வேண்டும்.

யூஇஎஃப்ஐ ஹெச்டிடிபி பூட். 2015-இன் யூஇஎஃப்ஐ 2.5-இல் வந்தது, டிஎஃப்டிபி-யே வேண்டாம். சர்வர் புதிது என்றால் முயன்று பாருங்கள்.

கடைசி இரண்டு வழிகளுக்கும் சுவிட்ச் போர்ட்டில் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஸ்பானிங் ட்ரீ (நெட்வொர்க்கில் சுழற்சியைத் தடுப்பது) சாதாரண முறையில் இருந்தால் போர்ட் திறக்க 30 நொடி ஆகும், அதற்குள் ஃபர்ம்வேர் டிஎச்சிபி கேட்டுச் சலித்துவிடும். எட்ஜ் போர்ட்டாக மாற்றுங்கள். போர்ட்டுகளை ஒன்றாக்கும் எல்ஏசிபி பாண்டு போட்டிருந்தால், பூட் நேரத்தில் ஃபர்ம்வேருக்கு அது தெரியாது. சுவிட்சில் எல்ஏசிபி ஃபால்பேக் (பாண்டு இல்லாதபோதும் போர்ட்டைத் திறந்துவிடுவது) வேண்டும்.

7. பதில் கோப்பு

நிறுவி கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே விடை எழுதி வைக்கும் டாம்ல் வடிவக் கோப்பு இது. முக்கியமாக மூன்று பகுதி.

‘குளோபல்’ பகுதியில் கீபோர்டு, நாடு, நேர மண்டலம், முழு ஹோஸ்ட் பெயர், அறிவிப்பு மின்னஞ்சல், ரூட் கடவுச்சொல், எஸ்எஸ்ஹெச் சாவிகள். கடவுச்சொல்லை அப்படியே எழுதாதீர்கள். ஹேஷாகக் கொடுக்கத் தனி விசை இருக்கிறது. விசைப் பெயர்களில் பழைய பதிப்புகள் அடிக்கோடு போட்டன, புதியவை இணைப்புக் கோடு போடுகின்றன. வலையில் கிடைக்கும் மாதிரியை வெட்டி ஒட்டும்போது இதில்தான் முதலில் இடறுவீர்கள். ஹோஸ்ட் பெயரை இப்போதே தீர்மானித்துவிடுங்கள். மெஷின்கள் ஏறிய பின் ப்ராக்ஸ்மாக்ஸ் ஹோஸ்ட்டின் பெயரை மாற்றுவது யாருக்கும் பரிந்துரைக்கக்கூடிய வேலை அல்ல.

‘நெட்வொர்க்’ பகுதியில் முகவரியை டிஎச்சிபி-யிலிருந்து எடுக்கவா, கோப்பிலிருந்து எடுக்கவா என்று சொல்ல வேண்டும். ஹோஸ்ட்டுக்குக் கோப்பிலிருந்துதான். ஐபி, கேட்வே, டிஎன்எஸ் எழுதி, எந்தப் போர்ட் என்பதற்கு ஒரு ஃபில்டர் கொடுங்கள்: மேக் முகவரியை முக்காற்புள்ளிகள் நீக்கிச் சிற்றெழுத்தில் எழுதி, முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. நிறுவி ஒரே ஒரு போர்ட்டைத்தான் மெஷின்களை நெட்வொர்க்கோடு இணைக்கும் பாலமாக அமைக்கும், பாண்டு பிறகு.

‘டிஸ்க்-செட்டப்’ பகுதியில் கோப்பு முறை இசட்எஃப்எஸ், ரெய்டு வகை ரெய்டு1, அப்புறம் எந்த டிஸ்க்குகள். இங்கே டிஸ்க் பட்டியலாக எஸ்டிஏ, எஸ்டிபி என்று கர்னல் வைக்கும் பெயர்களை எழுதவும் வழி இருக்கிறது. எழுதாதீர்கள்.

வேறொரு சமயம் நான் எழுதினேன். மூன்று சர்வரில் அழகாகப் போனது. நான்காவதில் ஹெச்பிஏ கார்டு வேறு ஸ்லாட்டில் இருந்தது. கர்னல் அதை முதலில் கண்டுபிடித்ததால், தரவு டிஸ்க்குகள் எஸ்டிஏ, எஸ்டிபி ஆகிவிட்டன. பூட் டிஸ்க்குகள் கடைசிக்குப் போய்விட்டன. நிறுவி எதுவும் கேட்கவில்லை; கேட்காமல் செய்யச் சொன்னதே நான்தானே. இரண்டு தரவு டிஸ்க்குகளையும் துடைத்துவிட்டு, வெற்றிகரமாக முடிந்தது என்று பச்சையில் காட்டியது. பேக்கப் இருந்தது. மீட்டெடுக்க ஒரு ராத்திரி போனது.

அதனால் டிஸ்க்குக்கும் ஃபில்டர்: லினக்ஸில் சாதனங்களைக் கவனிக்கும் யுடெவ் காட்டும் சீரியல் எண் அல்லது மாடல் பெயர். பூட்டுக்கென்று வாங்கிய சிறிய எஸ்எஸ்டி-களின் மாடல் தரவு டிஸ்க்குகளின் மாடலிலிருந்து வேறாக இருந்தால், மாடல் பெயர் ஒன்றே எல்லா சர்வருக்கும் பொருந்தும். ஒன்றாக இருந்தால் சீரியல்தான் வழி. கணக்கெடுப்பு இங்கே கைகொடுக்கும்.

எழுதியதைச் சரிபார்க்க ப்ராக்ஸ்மாக்ஸ்-ஆட்டோ-இன்ஸ்டால்-அசிஸ்டென்ட் என்ற கருவி இருக்கிறது. ‘வேலிடேட்-ஆன்ஸர்’ என்று சொன்னால் கோப்பின் இலக்கணத்தைப் பார்க்கும். ‘டிவைஸ்-இன்ஃபோ’ அந்த சர்வரில் ஃபில்டருக்கு என்னென்ன பண்புகள் கிடைக்கும் என்று காட்டும். ‘டிவைஸ்-மேட்ச்’ உங்கள் ஃபில்டரில் எந்த டிஸ்க் சிக்குகிறது என்று சொல்லும். முதல் கட்டளைக்கு உங்கள் மடிக்கணினி போதும். அடுத்த இரண்டையும் அந்தந்த வகை சர்வரிலேயே ஓட்டுங்கள்.

8. பதிலை யார் கொடுப்பது

அதே கருவியில் ‘பிரிப்பேர்-ஐஎஸ்ஓ’ என்ற கட்டளை, சாதாரண ஐஎஸ்ஓ-வை ஆட்டோ ஐஎஸ்ஓ ஆக்கும். பதில் கோப்பை ஐஎஸ்ஓ-க்குள்ளேயே வைக்கலாம், தனி பார்டிஷனில் வைக்கலாம், ஹெச்டிடிபி-யில் கேட்கச் சொல்லலாம். ஒரே ஒரு சர்வர் என்றால் முதலாவது. மூன்றுக்கு மேல் என்றால் ஹெச்டிடிபி: ஒரே ஐஎஸ்ஓ, சர்வருக்குச் சர்வர் வேறு பதில். நீங்களே கையெழுத்திட்ட சான்றிதழ் என்றால் அதன் விரல்ரேகையையும் இதே கட்டளையில் கொடுத்துவிட வேண்டும்.

இந்த முறையில் நிறுவி உங்கள் முகவரிக்கு ஒரு போஸ்ட் கோரிக்கை அனுப்பும். அதன் உடலில் சர்வரின் சீரியல் எண், மேக் முகவரிகள் எல்லாம் ஜேசனாக இருக்கும். பெறும் பக்கத்தில் ஒரு சின்ன பைத்தான் நிரல் போதும்: மேக் முகவரியை விரிதாளில் தேடி, உரிய டாம்ல் கோப்பைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

அந்த நிரலில் ஒரு பூட்டுப் போடுங்கள். ஒவ்வொரு சர்வருக்கும் ‘நிறுவலாம்’ என்ற ஒரு குறி. குறி இருந்தால்தான் பதில், இல்லையென்றால் 404. பதில் கிடைத்ததும் குறி தானாக நீங்கிவிட வேண்டும். இது இல்லாமல், பூட் வரிசையில் நெட்வொர்க்கையோ சிடி-யையோ முதலில் விட்டுவிட்டால், சர்வர் நிறுவி முடித்து ரீபூட் ஆகி, மறுபடி நிறுவியில் விழுந்து, மறுபடி துடைக்கும். அன்றைக்கே தெரிந்தால் பரவாயில்லை. ஆறு மாதம் கழித்து ஒரு ரீபூட்டில் தெரிந்தால்?

9. ஓடவிடுங்கள்

முதலில் ஒரே ஒரு சர்வர். ரெட்ஃபிஷில் விர்ச்சுவல் மீடியாவை மாட்டுங்கள். சிஸ்டம்ஸ் கிளையில் பூட் ஓவர்ரைடை ‘சிடி’ என்றும், முறையை ‘யூஇஎஃப்ஐ’ என்றும், காலத்தை ‘ஒன்ஸ்’ என்றும் வையுங்கள். ‘ஒன்ஸ்’ என்றால் இந்த ஒரு பூட்டுக்கு மட்டும். அடுத்தது பழைய வரிசைக்கே திரும்பும். நிரந்தர வரிசையில் டிஸ்க்தான் எப்போதும் முதலில். குறியைப் போடுங்கள், ரீபூட் கொடுங்கள்.

திரையைப் பார்த்துக்கொண்டே இருங்கள், முதல் தடவையாவது. பத்து நொடி மெனுவுக்குப் பின் ஆட்டோ இன்ஸ்டால் தானே தேர்வாகும். உங்கள் நிரலின் பதிவில் போஸ்ட் வந்ததா என்று பாருங்கள். வரவில்லையென்றால் முதல் சந்தேகம் தவறான போர்ட்டில் கேபிள், இரண்டாவது சந்தேகம் கடிகாரம். முதல் சர்வர் ஒழுங்காக வந்த பிறகு மற்ற இரண்டையும் ஒன்றாக விடலாம்.

10. வந்தது சரியா என்று பாருங்கள்

லாகின் திரை வந்தது என்பதோடு விட்டுவிடாதீர்கள். சிஸ் அடைவின் ஃபர்ம்வேருக்குள் இஎஃப்ஐ என்ற அடைவு இருந்தால் யூஇஎஃப்ஐ பூட். இல்லையென்றால் என் மூன்றாவது சர்வரின் தம்பி உங்களிடமும் இருக்கிறான். மோக்யூட்டில் கட்டளை செக்யூர் பூட் நிலையைச் சொல்லும். டிஎம்எஸ்ஜி-யில் இன்டெல் என்றால் டிமார், ஏஎம்டி என்றால் ஏஎம்டி-விஐ என்று சிற்றெழுத்து, பேரெழுத்து வேறுபாடு பாராமல் தேடினால் ஐஓஎம்எம்யு தெரியும். இசட்பூல் ஸ்டேட்டஸில் இரண்டு டிஸ்க்கும் ஆன்லைன், அவற்றின் சீரியல் உங்கள் விரிதாளோடு ஒத்துப்போக வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ஸ்டேட்டஸ் கொடுத்தால் இரண்டு டிஸ்க்கின் இஎஸ்பி-யும் (பூட் கோப்புகள் இருக்கும் பார்டிஷன்) பட்டியலில் வர வேண்டும். ஒன்று மட்டும் வந்தால், மிரர் இருந்தும் பூட்டுக்கு ஒரு கால்தான்.

பிறகு, சந்தா சாவி இல்லாத ஹோஸ்ட் என்றால் எண்டர்பிரைஸ் ரெப்போ (மென்பொருள் களஞ்சியம்) 401 பிழை தரும்; நோ-சப்ஸ்கிரிப்ஷன் ரெப்போவுக்கு மாற்றுங்கள். மைக்ரோகோடு தொகுப்பு டெபியனின் நான்-ஃப்ரீ-ஃபர்ம்வேர் பிரிவில் இருக்கிறது. பயாஸ் புதுப்பிப்பு வரும்வரை இடைவெளியை அடைக்க அதையும் போடுங்கள். இவையெல்லாம் சரியான பிறகே ஹோஸ்ட்டைக் கிளஸ்டரில் (ஒன்றாக இயங்கும் ஹோஸ்ட் கூட்டம்) சேருங்கள்.

11. ஓடும் கிளஸ்டரில் ஃபர்ம்வேரை ஏற்றுவது

ஒரு நேரத்தில் ஒரு ஹோஸ்ட் மட்டும். ஹெச்ஏ-மேனேஜரின் நோடு-மெயின்டெனன்ஸ் கட்டளையைக் கொடுத்தால் ஹெச்ஏ-வில் (ஹோஸ்ட் போனால் மெஷினை வேறொன்றில் எழுப்பும் வசதி) உள்ள மெஷின்கள் தாமாக நகரும். ஹெச்ஏ-வில் சேர்க்காதவற்றை நீங்கள்தான் நகர்த்த வேண்டும். ஹோஸ்ட்டுகளின் டிஸ்க்குகளை ஒன்றாக்கும் செஃப் ஓடினால், இறங்கிய டிஸ்க்குகளை அது விலக்கிவிடாதபடி முதலில் நோஅவுட் கொடியைப் போடுங்கள், முடிந்ததும் எடுக்க மறக்காதீர்கள். மூன்று நோடில் ஒன்று இறங்கியிருக்கும்போது இன்னொன்று போனால் குவோரம் (கிளஸ்டர் இயங்கத் தேவையான பெரும்பான்மை) போய்விடும். அதனால் ஒன்று முழுதாகத் திரும்பி வந்து, பச்சை காட்டி, அரை மணி நேரம் ஓடிய பிறகே அடுத்தது.

பயாஸ் ஏற்றிய பின் மூன்றைப் பாருங்கள். அமைப்புகள் தொழிற்சாலை நிலைக்குத் திரும்பிவிட்டனவா: கிட்டில் உள்ள கோப்போடு மறுபடி டிஃப். யூஇஎஃப்ஐ பூட் பதிவுகள் அழிந்துவிட்டனவா: இஎஃப்ஐபூட்எம்ஜிஆர் காட்டும். நெட்வொர்க் போர்ட்டின் பெயர் மாறிவிட்டதா: மாறினால் பாலம் எழாது, ஹோஸ்ட்டை பிஎம்சி திரை வழியாகத்தான் எட்ட முடியும். கர்னல் புதுப்பிப்பிலும் இதே வம்பு வருவதுண்டு, அதனால் பெயர்களை மேக் முகவரியோடு கட்டிவைத்துவிடுங்கள்.

12. பூட் டிஸ்க் ஒன்று போனால்

பலரும் இசட்பூல் ரீப்ளேஸ் கொடுத்து, ரீசில்வர் (புதிய டிஸ்க்குக்குத் தரவு நகலாவது) முடிந்ததும் கையைத் துடைத்துக்கொள்வார்கள். இசட்எஃப்எஸ் தன் பார்டிஷனை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். இஎஸ்பி-யை அதற்குத் தெரியாது. ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவிய டிஸ்க்கில் 1-ஆம் பார்டிஷன் பழைய பயாஸ் பூட்டுக்கு, 2-ஆவது இஎஸ்பி, 3-ஆவதுதான் இசட்எஃப்எஸ். ஆகவே வரிசை இது: எஸ்ஜிடிஸ்க் கட்டளையில் பேரெழுத்து ஆர் கொடுத்து, நல்ல டிஸ்க்கின் பார்டிஷன் அட்டவணையைப் புதியதற்கு நகலெடுங்கள். எது மூலம் எது நகல் என்று இரண்டு தடவை படியுங்கள். மாறிப்போனால் இருக்கிற ஒரு டிஸ்க்கும் போச்சு. அடுத்து அதே கட்டளையில் பேரெழுத்து ஜி கொடுத்துப் புதிய டிஸ்க்குக்குத் தனி அடையாள எண்கள் உருவாக்குங்கள். 3-ஆம் பார்டிஷனை இசட்பூல் ரீப்ளேஸில் கொடுங்கள். பிறகு ப்ராக்ஸ்மாக்ஸ்-பூட்-டூல் ஃபார்மேட், அதே கருவியில் இனிட், இரண்டும் 2-ஆம் பார்டிஷனுக்கு. செக்யூர் பூட்டால் கிரப் வந்த ஹோஸ்ட் என்றால் இனிட் கட்டளையின் கடைசியில் கிரப் என்றும் சேர்க்க வேண்டும்.

போன டிஸ்க்கின் அடையாளம் பட்டியலில் தங்கியிருக்கும். ‘கிளீன்’ என்று சொல்லி நீக்குங்கள். ரீசில்வர் முழுதாக முடிந்த பின், பராமரிப்பு நேரம் கிடைக்கும்போது, பூட் மெனுவில் புதிய டிஸ்க்கை மட்டும் தேர்ந்தெடுத்து ஒரு தடவை ரீபூட் செய்து பாருங்கள். எழுந்தால் விரிதாளில் அந்த சர்வரின் வரிக்குப் போய்ப் பழைய சீரியலை அடித்துவிட்டுப் புதியதை எழுதுங்கள். பதில் கோப்பின் ஃபில்டரிலும் மாற்றுங்கள்.